செடிக்குப் பேரே யாரோ!

மே மாதம் விக்டோரியா டே வாரக்கடைசி வந்தால் போதும், ஸ்கார்பரோவில் இருக்கிற அத்தனை தமிழ்க் குடும்பமும் மண்மூட்டை வாங்கக் கடை வாசலில் நிற்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, தொட்டியில் முருங்கை... இதைப் பற்றியெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. கறிவேப்பிலையைக் குளிர்காலத்தில் எப்படிப் பிழைக்க வைப்பது என்பதற்கு மட்டும் நானே ஐம்பது கட்டுரை படித்திருப்பேன் (எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை இப்போது மூன்றாவது பிறவியில் இருக்கிறது). இன்றைக்கு நான் சொல்ல வருவது பனியில் புதைந்தாலும் தானே பிழைத்து வருகிற ஒரு செடியைப் பற்றி. அதன் பேர் யாரோ.

கிண்டல் இல்லைங்க. ஆங்கிலத்தில் அதன் பேரே அதுதான். அம்மா முதன்முதலில் கேட்டபோது நடந்த பேச்சு இது:

"இது என்ன செடிடா?"

"யாரோம்மா."

"யாரைக் கேக்கறே? நான் செடி பேரைக் கேட்டேன்."

"அதைத்தாம்மா சொல்றேன். யாரோ."

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லேன். பேங்க்ல ஆபீசராம், வாசல்ல இருக்கற செடி பேர் தெரியல."

தங்கமணி சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது "யாரோ செடி".

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூங்காவில், ரயில் பாதை ஓரத்தில், பராமரிக்காத புல்தரையில் எல்லாம் இருக்கும். இலை ஒவ்வொன்றும் பறவை இறகு மாதிரி பொடிப்பொடியாகக் கிழிந்திருக்கும். தாவரவியல் பேர் அக்கிலியா மில்லிஃபோலியம். மில்லிஃபோலியம் என்றால் ஆயிரம் இலை. ஜூனில் முழங்கால் உயரத்துக்குத் தண்டு எழும்பி, மேலே தட்டு வைத்த மாதிரி பொடி வெள்ளைப் பூக்கள் கூட்டமாகப் பூக்கும். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரலில் அழகுக்காகப் புல்தரைக்குப் பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிப்பதைத் தடை செய்த பிறகு இதுமாதிரி செடிகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டிலும் நாங்கள் நடவில்லை. வேலியோரத்தில் தானாக வந்தது. நான் பிடுங்கத்தான் குனிந்தேன். அம்மா விடவில்லை. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"டேய், இது கட்டி சாமந்திக்குச் சொந்தக்காரிடா."

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருப்பதியில், அலிபிரி போகிற சாலையில் இருந்தது. திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் அலிபிரி பாதால மண்டபத்தில் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் படியில் கால் வைப்பார்கள். மொத்தம் 3,550 படி. அடிவாரத்தில் நின்ற புளியமரத்தால் 'அடிப்புளி' என்று பேர் வந்து அதுதான் அலிபிரி ஆனது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பெரிய திருமலை நம்பி மலையிலிருந்து இறங்கி வந்து ராமானுஜருக்கு ராமாயணம் சொன்னது இந்த அடிவாரத்தில்தான் என்பதும் மரபு. தெலுங்கு ஊர்தான். ஆனால் புரட்டாசி வந்துவிட்டால் எங்கள் தெருவில் தமிழ்தான் கேட்கும். வேலூர், திருத்தணி, சென்னை என்று எங்கெங்கிருந்தோ மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தே வருவார்கள்.

வெறுங்கால் என்று எழுதுவது சுலபம். தார் ரோட்டில் நான்கைந்து நாள் நடந்த கால் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் தெரியும். கொப்புளம் உடைந்திருக்கும், கட்டைவிரல் நகம் பெயர்ந்திருக்கும், கல் குத்திக் கிழித்திருக்கும். அம்மா ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் காலைக் கழுவி, கல், மண் இல்லாமல் பார்ப்பார். பிறகு கிணற்றடியில் மண்டிக் கிடக்கும் கட்டி சாமந்தியை ஒரு கைப்பிடி பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றை நேராகக் காயத்தில் பிழிவார். சுரீர் என்று எரியும். "கோவிந்தா!" என்று சத்தம் வரும். அவ்வளவுதான், துணி கட்டி அனுப்பிவிடுவார். காசு வாங்கமாட்டார். சில பேர் தரிசனம் முடிந்து வரும்போது ஞாபகமாக வந்து பாதி லட்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த வைத்தியத்தில் இருந்த ஒரே ஆர்வம் அந்தப் பாதி லட்டுதான் :-)

தெலுங்கில் கட்டி சாமந்தி, அதாவது புல் சாமந்தி. தமிழில் வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூ, மூக்குத்திப்பூ என்று ஊருக்கு ஒரு பேர். நீளக் காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாக ஒற்றைப் பூ. நம்மில் முட்டி தேய்ந்த எல்லாருக்கும் இந்தச் சாறு பழக்கம். பேரிலேயே 'வெட்டுக்காயம்' இருப்பதால் ஏதோ அகத்தியர் காலத்துச் செடி என்று நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் அதன் சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா! அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து நம் கிணற்றடியில் குடியேறி, நம் பாட்டிமார் கையில் பேரும் வேலையும் வாங்கிக்கொண்ட செடி. இன்றைக்கு அமெரிக்க அரசு அதைக் களைப் பட்டியலில் வைத்து உள்ளே விடமாட்டேன் என்கிறது. விசா நிராகரிக்கப்பட்டது போல.

அம்மா மூக்கால் கண்டுபிடித்தது பொய்யில்லை. யாரோவும் வெட்டுக்காயப் பூண்டும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். சாமந்தியும் அதே குடும்பம்தான். அதைவிட ஆச்சரியம், இரண்டும் செய்கிற வேலையும் ஒன்று. ட்ராய் யுத்தத்தில் அக்கிலீஸ் தன் படைவீரர்களின் காயத்துக்கு இந்தச் செடியைத்தான் வைத்தான் என்று கிரேக்கக் கதை. அக்கிலியா என்ற பேர் அதனால் வந்தது. ஐரோப்பாவில் சிப்பாய்ப் பூண்டு என்ற பொருளில் இதற்குப் பேர்கள் உண்டு. இந்தக் கனடா மண்ணின் பூர்வகுடிகளும் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சீனாவில் இதன் இனத்துக் காய்ந்த தண்டு ஐம்பதை எடுத்து வைத்துக் குறி பார்ப்பார்கள். ஸ்பெயினில் எல் சித்ரோன் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மனிதர்களின் பல் காறையில் யாரோவின் தடயம் இருந்ததாக 2012-ல் ஆய்வு வந்தது. நம் இந்தியாவிலும் இமயமலைச் சாரலில், காஷ்மீர் பக்கம், இது காட்டுச் செடி. யுனானி வைத்தியர்கள் பிரிஞ்சாசிஃப் என்பார்கள். குளிர் தேசத்துச் செடி என்பதால் அலிபிரி வெயிலுக்கு அது வந்து சேரவில்லை. அந்த இடத்தில் கட்டி சாமந்தி உட்கார்ந்துவிட்டது.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. யாரோ இலையைக் கசக்கினால் லேசாகக் கற்பூரம் அடிக்கும். பிரமை இல்லை, அதன் எண்ணெயில் கற்பூரம் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அம்மாவுக்கு உடனே அனந்தாழ்வான் ஞாபகம் வந்துவிட்டது. கதை தெரியாதவர்களுக்காக: திருமலையில் பூத்தொண்டு செய்ய யார் போவீர்கள் என்று ராமானுஜர் கேட்டபோது முன்வந்தவர் அனந்தாழ்வான். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமே என்று கர்ப்பிணி மனைவியோடு தானே குளம் வெட்டினார். அந்த அம்மாளின் கூடையை வாங்கி மண் சுமக்க ஒரு பையன் வந்தான். 'என் கைங்கர்யத்தில் நீ யார் பங்கு கேட்க?' என்று அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, பையனின் மோவாயில் பட்டது. பையன் ஓடிவிட்டான். சந்நிதியில் போய்ப் பார்த்தால் பெருமாள் மோவாயில் ரத்தம்! அந்தக் காயத்துக்கு வைத்ததுதான் பச்சைக் கற்பூரம், இன்றைக்கும் வைக்கிறார்கள். கடப்பாரை மகாத்துவார வாசலில் மாட்டியிருக்கிறது, அடுத்தமுறை போகும்போது தள்ளுமுள்ளுக்கு நடுவில் தலையைத் தூக்கிப் பாருங்கள். தோட்ட வேலை, காயம், கற்பூர வாசனை மூன்றும் அம்மாவுக்கு ஒரே கதையில் இருக்கிறது. ஆகவே யாரோ செடிக்கு எங்கள் வீட்டில் நிரந்தரக் குடியுரிமை கிடைத்தது.

இனி வளர்க்கிற விஷயம். பி.காம். படித்தவன் தோட்டக்கலை சொல்லித் தருகிறானே என்று பார்க்காதீர்கள். இதை வளர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

விதை தூசு மாதிரி இருக்கும். அதற்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், அதனால் மண்ணைப் போட்டு மூடக் கூடாது. ஈர மண்மேல் தூவி, விரலால் அழுத்திவிட்டால் போதும். விதையில் வந்த செடி பெரும்பாலும் இரண்டாம் வருஷம்தான் நன்றாகப் பூக்கும். அவசரக்காரர்கள் தெரிந்தவர் வீட்டிலிருந்து வேரோடு ஒரு துண்டு வாங்கிவிடுங்கள். வெயில் வேண்டும், நாளுக்கு ஆறு மணி நேரமாவது. தண்ணீர் தேங்கவே கூடாது. உரம் போடாதீர்கள், இதை மட்டும் நம் ஆட்கள் கேட்கவே மாட்டார்கள்! எருவைக் கொட்டினால் தளதளவென்று உயர்ந்து, ஒரு மழைக்கு அப்படியே சாய்ந்து படுத்துவிடும். வறண்ட, சத்தில்லாத மண்ணில்தான் தண்டு விறைப்பாக நிற்கும். முதல் பூ வாடியதும் தண்டை வெட்டிவிட்டால் இன்னொரு தடவை பூக்கும்.

மண்ணுக்கடியில் வேர்த்தண்டு ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டு வட்டி மாதிரி, முதல் வருஷம் கண்ணுக்கே தெரியாது, நான்காம் வருஷம் பக்கத்துப் பாத்தியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியில் வையுங்கள். டொராண்டோவில் புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதனால் புல்தரை நடுவில் விடாமல் தனிப் பாத்தியாக ஒதுக்கிவிடுவது நல்லது. பூ வந்துவிட்டால் பொறிவண்டு, தேனீ, அசுவினியைத் தின்னும் சின்ன ஈக்கள் எல்லாம் வந்து சேரும். எங்கள் கத்தரிக்குப் பக்கத்தில் இதை வைத்ததற்குக் காரணமே அதுதான். வீட்டில் நாய், பூனை இருந்தால் தின்ன விடாதீர்கள், அவற்றுக்கு ஆகாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பூங்காவிலோ ஓடைக்கரையிலோ பார்த்து 'இதுதான் அது' என்று பறித்து வந்து கஷாயம் போடாதீர்கள். வெள்ளைப் பூக் கூட்டமாக, கிழிந்த இலையோடு இங்கே காட்டு கேரட் இருக்கிறது. அதே சாயலில் ஹெம்லாக் என்ற கொடிய விஷச் செடியும் இருக்கிறது. சாக்ரட்டீஸுக்குக் கொடுத்தார்களே, அதே ஹெம்லாக். ஹெம்லாக் தண்டு வழவழவென்று, உள்ளே குழலாக, ஊதாப் புள்ளிகளோடு இருக்கும், ஆள் உயரத்துக்கு மேலும் போகும். யாரோ தண்டில் மெல்லிய ரோமம் இருக்கும். இந்த வித்தியாசம் படித்துத் தெரிந்தாலும் காட்டில் நம்பாதீர்கள். கடையில் பேர் எழுதி விற்கிற செடியை வாங்கி வளர்த்தது மட்டும்தான் சமையலறைக்குள் வரலாம்.

இப்போது பயன்படுத்துகிற விஷயம். இதில்தான் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அமைதி கெட்டது.

அப்பா போன பிறகு அம்மாவை சூப்பர் விசாவில் அழைத்து வந்தோம். வந்ததிலிருந்து அவர் சரியாக இல்லை. திண்ணை இல்லை, தெரு இல்லை, காலில் காயத்தோடு வந்து உட்கார ஒரு ஆள் இல்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். யாரோ செடி வந்த பிறகுதான் வெளியில் இறங்கினார். செருப்புப் போட்டுக்கொண்டு காலையில் முதல் வேலையாக அதைப் பார்க்கப் போவார். ஜூலையில் பூவோடு தண்டை வெட்டி, கட்டாகக் கட்டி, பேஸ்மென்ட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தார். ஜலதோஷத்துக்கு ஐரோப்பியர்கள் இதன் பூவில் தேநீர் போட்டு வியர்க்க வியர்க்கக் குடிப்பார்கள் என்று நான் சொன்னதும் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் அம்மா இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். வார்ஃபரின். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அதனால் முதல் தம்ளர் போடுவதற்கு முன்பே மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டிடம் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. வேண்டாம் என்றார். ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்ட மூலிகையை இந்த மாத்திரையோடு கலப்பது சூதாட்டம், கர்ப்பிணிகளுக்கும் கூடாது, ராக்வீட் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சாமந்தி குடும்பத்து அலர்ஜி இருப்பவர்களுக்கும் தொட்டாலே அரிக்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். காயத்தை ஆற்றும் என்பதற்கு எலிகளிடம் செய்த ஆய்வுகள் உண்டு, மனிதர்களிடம் பெரிய அளவில் நிரூபித்தது குறைவு. வெட்டுக்காயப் பூண்டுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கட்டை மட்டும் எண்ணிப் பார்த்தார்.

அடுத்த மாதம் அது நடந்தது. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டார். நான் ஆபீஸில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன், தங்கமணி போனில் சொன்னார். பதறி ஓடிவந்து பார்த்தால் அம்மா தோட்டத்தில் நிற்கிறார். ஒரு கையில் யாரோ இலை. மற்ற கையிலிருந்து ரத்தம் புல்லில் சொட்டுகிறது. பக்கத்தில் தங்கமணி, "அத்தை, உள்ளே வாங்க அத்தை" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். இலையை வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை. சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை உயர்த்திப் பிடித்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்தோம். கால் மணி ஆச்சு, இருபது நிமிஷம் ஆச்சு. நிற்கவில்லை. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படித்தான். எமர்ஜென்சிக்குக் கொண்டு போனோம். மூன்று தையல், ஒரு டெட்டனஸ் ஊசி, ஒரு ரத்தப் பரிசோதனை. இன்ஷூரன்ஸ் காகிதங்களை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னார்.

"அங்கே நான் வைத்தியம் பண்ணேன். இங்கே நான் நோயாளி."

நிரப்பிக்கொண்டிருந்த பாரத்தில் அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. பேனாவைத் தங்கமணி வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் செடியைப் பிடுங்கிப் போடச் சொல்வாரோ என்று நினைத்தேன். சொல்லவில்லை. தையல் பிரித்த மறுநாளே மறுபடி தோட்டத்தில் இருந்தார். தங்கமணிதான் கேட்டார், "குடிக்கவும் முடியாது, போடவும் முடியாது, எதுக்கு அத்தை இவ்வளவு பாடுபடறீங்க?" அம்மா திருப்பதிக்காரர் அல்லவா, பதில் தயாராக இருந்தது.

"திருமலையில யாராவது பூ வச்சிக்கிறாங்களா? அவ்வளவு பூவும் அவருக்குத்தான். தோட்டக்காரங்க வளர்க்காமயா இருக்காங்க?"

தெரியாதவர்களுக்கு: மலைமேல் பெண்கள் தலையில் பூ வைக்க மாட்டார்கள், அங்கே பூக்கிறது எல்லாம் பெருமாளுக்கு என்பது வழக்கம். யாரோ பூ இப்போது எங்கள் சாமி அலமாரியில் வேங்கடாசலபதி படத்துக்குப் போகிறது. காய்ந்தாலும் உருவம் கெடாது என்பதால் ஜனவரி பனியிலும் ஒரு கொத்து படத்துக்கு முன்னால் இருக்கும். சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்காதீர்கள், அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

இந்த செப்டம்பரில் பாத்தியைப் பிரித்தோம். தோண்டி எடுத்ததில் ஏழு துண்டு தேறியது. எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கும் ஒரு கண்டு தாங்கோவன். தடிமனுக்கு நல்லதாமே?"

அம்மா மண் ஒட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தார். பழைய திண்ணைக் குரல், நான் பல வருஷமாகக் கேட்காத குரல்.

"தரேன். முதல்ல சொல்லு, என்னென்ன மாத்திரை சாப்பிடறே?"

"சுகருக்கும் பிரஷருக்கும் போடுறனான் அம்மா."

"அப்ப உங்க டாக்டரைக் கேட்டுட்டுக் குடி. சாமிக்கு வைக்க யாரையும் கேக்க வேணாம். ரெண்டு துண்டா எடுத்துக்கோ. எரு போடாதே, சாஞ்சிடும்."